மண்டி வாசலில் முளைத்தது

செஞ்சிக் கடைத்தெருவில் விடியற்காலைக்கு என்று ஒரு பார்வை உண்டு. ராஜகிரி உச்சியில் வெயில் விழுந்திருக்கும். தெருவில் இன்னும் நிழல் படுத்திருக்கும். சாணம் தெளித்த ஈரத்தின் மேல் ஒவ்வொரு கடைக்காரராகச் சாவிக்கொத்தோடு வருவார். பலகைக் கதவில் கை வைப்பதற்கு முன் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்ப்பார். எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கிற பார்வை அது. பசு வந்தால் நல்லது. பால்காரி நிறைகுடத்தோடு வந்தால் ரொம்ப நல்லது. வேதநாயகி வந்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும்.

அவள் வருவதே இல்லை. யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு அல்ல அது. பதினெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு, எட்டு மணிக்கு மேல்தான் தெருவாசல், அதற்கு முன்னால் புழக்கடைச் சந்துதான் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்து போயிற்று. அவள் நைனா கொஞ்சம் துணிச்சல்காரர். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று மகளைச் சென்னைக்கு அனுப்பி, ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்தார். செடிகொடிகளைப் பற்றிய படிப்பு. முடித்துவிட்டு வந்து செஞ்சியிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக உட்கார்ந்தாள். கடைத்தெருவே அவளை 'டீச்சரம்மா' என்று கும்பிட்டது. அதுவும் எட்டு மணிக்கு மேல்.

அறுபத்தாறாம் வருஷம் அவளுக்கு ஒரு வேலை வந்தது. காலேஜில் அவளுக்குப் பாடம் சொன்ன ஞானம்பாள் அம்மாள் ரிடையர் ஆவதற்குள் ஒரு காரியத்தை முடிப்பது என்று கிளம்பியிருந்தார். பட்டணத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், தானாக முளைத்து நிற்கிற செடிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் பதிவு செய்வது. தோட்டத்துச் செடி வேண்டாம், வயலில் நட்டது வேண்டாம். சுவர் இடுக்கில், சாக்கடை ஓரத்தில், ஓட்டுக் கூரையில், பஸ் திரும்புகிற புழுதியில் முளைப்பது வேண்டும். பட்டணத்தை அவர் வைத்துக்கொண்டார். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று பழைய மாணவிகளுக்கு ஆளுக்கு ஓர் ஊர். வேதநாயகிக்குச் செஞ்சி.

வேலை இப்படித்தான். பூவும் இலையும் வேருமாகச் செடியை எடுக்க வேண்டும். செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து வைத்து, மேலும் கீழும் பலகை கொடுத்து, கயிற்றால் இறுக்க வேண்டும். தினம் தாளை மாற்ற வேண்டும். காய்ந்த பிறகு அட்டையில் ஒட்டி, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுத வேண்டும். எங்கே முளைத்ததோ அங்கே பூத்ததுதான் கணக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துப் பூக்கவைத்தால் அது தோட்டத்துச் செடி ஆகிவிடும். அதில் ஞானம்பாள் அம்மாள் ரொம்பக் கண்டிப்பு.

கோட்டைக்குள் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. களஞ்சியத்துச் சுவர், அகழிக் கரை, உடைந்த மதில் எல்லாவற்றிலும் விடியற்காலையிலேயே ஏறி இறங்கினாள். சந்து வழியாக வெளியேறி, வயல் வரப்பில் நடந்து, கோட்டைக்குள் நுழைந்துவிட்டால், அங்கே முதல் வியாபாரத்துக்காகச் சகுனம் பார்த்து நிற்கிறவர் யாரும் கிடையாது. செத்துப்போன ராஜாக்களுக்கு அவள் முகத்தால் ஒரு நஷ்டமும் வரவில்லை.

தொல்லை கடைத்தெருவில்தான் முளைத்தது. சரியாகச் சொன்னால், தனகோட்டி செட்டியாரின் தானிய மண்டி வாசலில்.

அந்த மண்டிக்கு எங்கெங்கிருந்தோ மூட்டை வரும். கொள்ளு ஓர் ஊர், தனியா ஓர் ஊர், கோதுமை கப்பலில் வந்தது. சாயந்திரம் மூட்டைகளை உதறி, கீழே விழுந்த தூசியையும் கல்லையும் வாசல் சாக்கடை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அந்தத் தூசியில் எந்த ஊர் விதையோ இருந்திருக்கிறது. புரட்டாசி மழைக்கு, படிக்கல்லுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு கொத்து முளைத்துவிட்டது. பார்த்தால் கானாவாழைக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது. ஆனால் கானாவாழை இல்லை. இலை ஒடுக்கம், தண்டில் செம்மயிர், பூவை மூடுகிற மடல் வேறு மாதிரி. அவள் படித்த எதிலும் இந்தச் செடியைப் பார்த்ததில்லை.

பூவைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஆனால் எட்டு மணிக்கு மேல் அவள் வரும்போது பூ இருக்காது. இந்த இனத்துப் பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் வாடிக்கூடப் போகாது, உருகிப் போகும். இதழ் இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு சொட்டு ஈரம் மட்டும் இருக்கும். ஒரு வாரமாக அவள் அந்த ஈரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பூ எப்படி இருக்கும் என்றாவது வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று ஒரு சாயந்திரம் ஒரு கிளையைப் பெயர்த்துப் புழக்கடையில் நட்டாள். அதைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டது.

இதற்குள் பஞ்சாயத்தில் கடைத்தெருச் சாக்கடை இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச ஆரம்பித்தார்கள். கொத்தனார் பச்சைமுத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து பூசிக்கொண்டே வந்து, மண்டிக்கு நாலு கடை தள்ளி நின்றான்.

தம்பி மனைவி ஜானகிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணி, நான் போய் எடுத்தாரேன். நான் எதிர்ல போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றாள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த பெண். வேதநாயகியும் ஒத்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டாள்.

விடிந்ததும் ஜானகி குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு போனாள். பிறந்தது முதல் சாமிக்குப் பூப் பறித்த கை அது. காம்பு, இலை, எச்சில் எதுவும் படாமல் பூவை மட்டும் நுனி விரலால் கிள்ளுகிற கை. விரிந்திருந்த அத்தனை பூவையும் அப்படியே சுத்தமாகக் கிள்ளி, வாழை இலைத் துண்டில் வைத்து, தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். வேதநாயகி இலையைப் பிரித்தாள். உள்ளே நீலத் தண்ணீர் இருந்தது.

"நல்லா இருந்திச்சு அண்ணி, சாமி சத்தியமா. அஞ்சாறு பூவு. மயிலு கழுத்தாட்டம்," என்றாள் ஜானகி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. எனக்கே காணக் கொடுத்து வைக்கல, நீயாவது பாத்தியே," என்று அவள் கன்னத்தைத் துடைத்தாள் வேதநாயகி. ஆனால் அன்று பள்ளிக்கூடம் போகும்போது மண்டி வாசலில் நின்று பார்த்தாள். மூன்றே மொட்டு பாக்கி இருந்தது, நாளைக்கு விரிவது. பச்சைமுத்து இரண்டு கடை தள்ளிக் கலவை குழைத்துக்கொண்டிருந்தான்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தம்பி கிருஷ்ணமூர்த்தியிடம் சொன்னாள். அவனுக்கு மண்டிக்கு எதிர்ச்சாரியில் மளிகைக் கடை.

"காலையில நானே போறேன்டா."

"எங்க?"

"செட்டியார் மண்டி வாசலுக்கு. விடியறப்போ."

அவன் பிசைந்த கையை நிறுத்தினான். "அக்கா, அது அவரு கடை தெறக்கற நேரம்."

"பூவு அவரைக் கேட்டுக்கினு பூக்கலியே. நான் இன்னா பண்றது?"

"ஒரு புல்லுக்காகவா? வியாபாரிங்க சங்கத்துல நாளைக்கு நான் எப்படி மூஞ்சிய காட்டறது?"

"அவங்க எல்லாரும் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்து, 'டீச்சரம்மா, எங்க பொண்ண கொஞ்சம் பாத்துக்கங்க'ன்னு என் மூஞ்சிக்கு நேராதான பேசறாங்க. மத்தியானம் ஆவற மூஞ்சி காலையில ஆவலையா?"

"பழக்கம் அது. நான் உண்டாக்கினதா?"

"இல்ல. நானுந்தான் உண்டாக்கினேன். இத்தினி வருஷம் சந்துல நடந்தது யாரு? என்னைய யாரும் கையைக் கட்டி இழுத்துக்கினு போவல. நானே போனேன். இப்ப நானே நிறுத்தறேன்."

கிருஷ்ணமூர்த்தி இலையை மூடினான். "போனா, திரும்பி இந்த வீட்டுக்குள்ள வராத."

இதைக் கேட்டு அவள் ஒடுங்கிப் போவாள் என்று நினைத்திருப்பான். உள்ளுக்குள் ஒடுங்கத்தான் செய்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி சொல்கிறானே. ஆனால் வாய் வேறு பேசிற்று. "இது நைனா வீடு. பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் வந்து பத்து வருஷம் ஆவுது. எந்த ரூமு என்னுதுன்னு சொல்லு, பொட்டிய அங்க மாத்திக்கறேன்."

ஜானகி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பிலா பயத்திலா என்று சொல்ல முடியாது.

விடிந்தது. வேதநாயகி பலகைகளையும் தாள்களையும் அணைத்துக்கொண்டு தெருவாசல் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. தாழ்ப்பாள் திறந்தது.

தெரு பெருக்குகிற ராஜம்மாள் முதலில் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, இந்தப் பக்கமா?"

"ஆமா ராஜம்மா. இனிமே இந்தப் பக்கந்தான்."

"நல்லாருக்குதே கூத்து. நானும் உன்னாட்டம் தாலிய எறக்கினவதான். தெனம் இதே நேரத்துக்கு இவங்க எதிர்லதான் வரேன். ஒருத்தனும் சகுனம் பாத்ததில்ல." ராஜம்மாள் துடைப்பத்தைத் தட்டினாள். "தொடப்பத்த பாப்பாங்க. தூக்கறவள பாக்க மாட்டாங்க."

 ராஜம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை; பெருக்கிக்கொண்டே போய்விட்டாள்.

மண்டி வாசலில் மூன்று பூவும் விரிந்திருந்தது.

ஜானகி சொன்னது சரி. மயில் கழுத்து நிறம். மேலே இரண்டு பெரிய இதழ், கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளை இதழ். நடுவில் மஞ்சள் மகரந்தம். ஒரு வாரமாக ஈரமாக மட்டும் அவள் பார்த்தது இப்படி ஒரு முகத்தோடு இருந்தது. அவள் படிக்கல்லுக்குக் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருக்க நேரம் இல்லை. ஒரு செடியை வேரோடு கெல்லி எடுத்து, மண்ணை ஊதி, தாள் மேல் கிடத்தினாள். இதழ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குள், மெல்லிய காகிதத் துண்டுகளை இடையில் செருகி, உள்ளங்கையால் அப்படியே அமுக்கிப் பிடித்தாள். அமுக்கிய கையை இப்போது எடுக்கக்கூடாது. இதழின் ஈரத்தைத் தாள் குடிக்கும்வரை கை அங்கேயே இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தனகோட்டி செட்டியார் சாவிக்கொத்தும் கற்பூரப் பொட்டலமுமாக வந்தார்.

கனத்த உடம்பு. பத்தடி தூரத்தில் கால் நின்றது. செருமினார். அவள் திரும்பவில்லை. அவர் தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய், கொஞ்சம் நின்று, சகுனத்தைப் புதிதாக்கிக்கொண்டு மறுபடி வந்தார். அவள் அங்கேயே இருந்தாள்.

"ஏம்மா வேதநாயகி."

"சொல்லுங்க மாமா."

"நீ எந்திரிச்சேன்னா நான் கடையைத் தெறப்பேன்."

"நான் வழியில இல்லியே. படிக்கு ஓரமாதான குந்தினிருக்கேன். தெறங்க."

"வெளையாடாத."

"வெளையாடல மாமா. கைய எடுத்தா பூவு போயிடும்."

அவர் அப்படியே நின்றார். அவர் திறக்காததால் பக்கத்துக் கடைக்காரர்களும் திறக்கவில்லை. எதிர்ச்சாரியில் கிருஷ்ணமூர்த்தி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். வல்லத்திலிருந்து வேர்க்கடலை ஏற்றி வந்த வண்டிகள் இரண்டு வந்து நின்றன. முன்வண்டிக்காரன் வண்டியிலிருந்து குதித்து, தெருவைப் பார்த்து, "இன்னா, இன்னிக்கு செஞ்சியில கடையடைப்பா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது ஜானகி வந்தாள். குளித்துத் தலை சீவி, பெரிய பொட்டு வைத்து, யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்து, நாத்தனார் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். புருஷன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தாள்.

"செட்டியார் மாமா, என் மூஞ்சிய பாத்துட்டுத் தெறங்க. தோஷம் இல்ல," என்றாள்.

செட்டியாருக்கு உயிர் வந்தது. நல்ல வழிதான். யாருக்கும் நஷ்டம் இல்லாத வழி. சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓரடி வைத்துவிட்டார்.

"வேணாம் ஜானகி," என்றாள் வேதநாயகி.

"அண்ணி..."

"நீ வந்தது எனக்கு எவ்ளோ பலம்னு உனக்கு அப்புறம் சொல்றேன். ஆனா உன் மூஞ்சிக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சிக்கினா, அதுவும் சந்துதான். நீ என் பின்னாடி குந்து. மாமா என் மூஞ்சிய பாத்துட்டுத்தான் கடையைத் தெறக்கணும்."

 ஜானகி மண்ணிலேயே நகர்ந்து அவள் முதுகுக்குப் பின்னால் போனாள்.

செட்டியாரின் முகம் சிவந்தது. "உங்கப்பனும் நானும் ஒரே பெஞ்சில படிச்சவங்க. அவன் பொண்ணு நடுத்தெருவுல குந்திக்கினு என்னை எதுத்துப் பேசறியா?"

"நைனா போன அன்னிக்கு நீங்கதான் முன்னாடி தோள் குடுத்தீங்க. நான் மறக்கல மாமா. அதனாலதான் உங்களைக் கேக்கறேன், வேற யாரையும் கேக்கல. சின்னப் புள்ளையில உங்க மண்டியில கொள்ளு மூட்டை மேல குந்தி வெல்லம் தின்ன மூஞ்சிதான் இது. இதுல இன்னா கெட்டுப் போச்சு? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவர் சாவிக்கொத்தை மறு கைக்கு மாற்றினார். சொல்வதற்கு ஏதாவது இருந்திருந்தால் அவர் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை.

வண்டிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. "செட்டியாரே, மாடு நிக்காது. நான் திண்டிவனம் ரோட்டு மண்டியில எறக்கிக்கறேன்." நுகத்தடியைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தான்.

"இரு, இரு," என்றார் செட்டியார். பிறகு அவர் செய்ததைச் செஞ்சியில் ரொம்ப நாள் பேசிச் சிரித்தார்கள். அவளைப் பார்க்கக்கூடாது, கடையையும் திறக்க வேண்டும். தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்துப் படியை நோக்கி நடந்து வந்தார். சாவிக்கொத்து பின்னால் காற்றைத் துழாவியது. குதிகால் சாக்கடை விளிம்புக்கு வந்துவிட்டது.

"பாத்து மாமா," என்றாள் வேதநாயகி. "பள்ளம்."

அவர் பதறித் திரும்பினார். திரும்பிய முகத்துக்கு நேரே அவள் முகம் இருந்தது. கீழே உட்கார்ந்து, ஒரு கையால் தாளை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையை அவர் விழுந்தால் பிடிக்க நீட்டியிருந்தாள்.

இரண்டு பேரும் பார்த்தார்கள். பார்த்தாயிற்று, இனி என்ன செய்ய முடியும்.  செட்டியார் சுவரைப் பிடித்து மெல்லப் படியேறினார். பூட்டைத் திறந்தார். பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உள்ளே கற்பூரம் எரிகிற வாசனை வந்தது. தெரு முழுக்கப் பலகை எடுக்கிற சத்தம் கேட்டது. கிருஷ்ணமூர்த்தி கடையிலும் கேட்டது.

கொத்தனார் பச்சைமுத்து கலவைச் சட்டியோடு வந்து தலையைச் சொறிந்தான். "இந்த எடத்துல பூசணுமே, டீச்சரம்மா."

"மீதிச் செடி நிக்குது பாரு, அந்த ஒரு முழத்தை விட்டுட்டுப் பூசு. காய் வெக்கணும். விதையைப் பாக்காம இது இன்னா செடின்னு முடிவு பண்ண முடியாது."

அவன் செட்டியாரைப் பார்த்தான். செட்டியார் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "விட்டுட்டுப் பூசுடா. இல்லாட்டி அது மேலயும் வந்து குந்திக்குவா," என்றார்.

அன்றைக்கு வியாபாரம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். எல்லா நாளையும் போலத்தான் நடந்தது. கடலை இறங்கிற்று, கொள்ளு ஏறிற்று. ஒருவர் கடையில் எண்ணெய் டின் கவிழ்ந்தது; அவர் மட்டும் கொஞ்ச நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். கிருஷ்ணமூர்த்தி ரொம்ப நாள் அக்காவோடு பேசவில்லை. ஆனால் சாயந்திரம் அவள் வரும்போது வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஜானகி தாள் மாற்றக் கற்றுக்கொண்டாள்.

மறுநாளும் விடிந்ததும் வேதநாயகி தெருவாசல் வழியாகப் போனாள். புது மொட்டு ஒன்று விரிந்திருந்தது. பழைய பூ இருந்த மடலில் கடுகளவு காய் தலைகாட்டியிருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை சத்தம் நிற்கவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான்.

"இன்னும் எத்தினி நாளைக்கு இந்த அக்கப்போரு?" என்றார் செட்டியார், பூட்டைப் பார்த்துக்கொண்டு.

"காய் முத்தற வரைக்கும் மாமா."

"அப்புறம்?"

வேதநாயகி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தெரு நெடுகப் பார்த்தாள். நெய்க்கடைச் சுவரில் என்னவோ புதிதாகப் பச்சையாக எட்டிப் பார்த்தது.

"அப்புறம் வேற செடி," என்றாள்.